மூன்று கொட்டு, எட்டு நிமிடம்: ஒரு மலை மருத்துவமனையின் நிகழ்வு ஆய்வு

கோத்தகிரிப் பக்கம் இருபது படுக்கை கொண்ட ஒரு சிறிய மருத்துவமனையில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அன்றைக்கு டியூட்டி டாக்டர் நான்தான். நோயாளி பிழைத்துவிட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிழைத்தவர்களின் கேஸ் ஷீட்டை யாரும் திரும்பப் புரட்டுவதில்லை. இறந்திருந்தால் விசாரணை, விளக்கக் கடிதம் எல்லாம் வந்திருக்கும். பிழைத்தால் "நல்லபடியா முடிஞ்சுதே" என்று டீ குடிக்கப் போய்விடுவோம். நாங்களும் அப்படித்தான் போனோம். அடுத்த வாரம் ஒரு செல்போன் வீடியோ கைக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்து யோசித்தோம். நோயாளியின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

நடந்தது

மார்ச் மாதம், மதியம் மூன்றரை மணி. குறும்பரும் இருளரும் கயிற்றில் தொங்கிப் பாறையிலிருந்து தேன் எடுப்பார்களே, அந்த மலைத்தேனீ உயரமான மரங்களிலும் கூடு கட்டும். தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரக் கிளை கழிக்க ஏறிய பையன் கூட்டைக் கவனிக்கவில்லை. கத்தி பட்டதும் தேனீக்கள் கிளம்பிவிட்டன. கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

3.38க்கு ஜீப் வந்தது. அந்த நேரம் வாசல் ரெஜிஸ்டரில் இருக்கிறது. ஐந்து பேர். மரத்தில் இருந்த பையனுக்கு 22 வயது; முகம், கழுத்து, முதுகு என்று முப்பதுக்கு மேல் கொட்டு. அவன் போட்ட சத்தம் எதிர்க் கடை வரை கேட்டது. இரண்டு பெண்களுக்கு முகம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. ஒரு பெரியவருக்குக் கையில் நாலைந்து. ஐந்தாவது, 47 வயது அம்மா ஒருவர். பின்கழுத்தில் இரண்டு, புறங்கையில் ஒன்று, மொத்தம் மூன்றே கொட்டு. தானே ஜீப்பிலிருந்து இறங்கி, முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவர் ஓர பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

எங்கள் பக்கம் நான், சீனியர் சிஸ்டர் ஒருவர், வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆன இளம் சிஸ்டர் ஒருவர், அட்டெண்டர் அண்ணன். மருந்தகத்துத் தம்பியையும் சேர்த்தால் ஐந்து. ஆளுக்கு ஒரு நோயாளி என்று கணக்குப் போட்டால் சரியாகத்தான் இருந்தது. ஆனால் முதல் பத்து நிமிடத்தில் நாங்கள் நால்வர் அந்தப் பையன் மேல்தான் இருந்தோம். கொடுக்குகளை எடுப்பது, அலர்ஜிக்கு அவில் போடுவது, எஃப்கார்லின் போடுவது, வலிக்கு ஊசி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது கேஷுவாலிட்டிக்கும் பொருந்தும். அவனுக்கு மூச்சு நன்றாக இருந்தது. பி.பி. நன்றாக இருந்தது. அவ்வளவு சத்தமாகக் கத்த முடிகிறவனுக்கு மூச்சுக்குழாய் திறந்துதான் இருக்கிறது என்று முதலாண்டு மாணவனுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும்.

3.44 வாக்கில் பெஞ்சில் இருந்த அம்மா இளம் சிஸ்டரைக் கூப்பிட்டு, "வயித்தைப் பிசையுதும்மா, கக்கூஸ் எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். சிஸ்டர் கையைக் காட்டினார். அவர் எழுந்து நடந்து போனார். இரண்டு மூன்று நிமிடத்தில் கதவுக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம்.

தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டபோது மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. பி.பி. தொட்டுப் பார்த்த அளவில் 60. விரல் ஐஸ் மாதிரி இருந்ததால் சாச்சுரேஷன் கருவி எண்ணே காட்டவில்லை. நான் சொன்னது வீடியோவில் இருக்கிறது: "அட்ரினலின் லோட் பண்ணுங்க!"

சரியான மருந்துதான். அதற்குப் பிறகு அது அவர் உடம்புக்குள் போக எட்டு நிமிடம் நாற்பது விநாடி ஆயிற்று.

எட்டு நிமிடம் எங்கே போனது

அந்த அம்மாவுக்கு வந்தது ஒவ்வாமை அதிர்ச்சி; அட்ரினலின்தான் அதற்கு மருந்து. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் எதைத் தவறவிட்டோம் என்பது புரியாது. தேனீ விஷத்தில் இரண்டு வகை ஆபத்து உண்டு. நூற்றுக்கணக்கில் கொட்டினால் விஷத்தின் அளவே சிறுநீரகத்தையும் தசையையும் கெடுக்கும். அங்கே எண்ணிக்கை முக்கியம். ஒவ்வாமை இருப்பவருக்கோ ஒரு கொட்டு போதும். ரத்தக் குழாய்கள் ஒட்டுமொத்தமாக விரிந்து கசிய ஆரம்பிக்கின்றன. பத்து நிமிடத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு குழாயை விட்டு வெளியே போய்விடலாம். நாங்கள் கொட்டை எண்ணி வரிசைப்படுத்தினோம். முப்பது முதலில், மூன்று கடைசியில்.

வயிற்றைப் பிசைவதும் திடீரென்று மலம் கழிக்க அவசரம் வருவதும் இந்த அதிர்ச்சியின் அறிகுறிகள். தோலில் தடிப்பு வந்தால்தான் அலர்ஜி என்று நினைப்பவர்கள் அதிகம். பத்து முதல் இருபது சதவீதம் பேருக்குத் தோலில் ஒன்றும் தெரியாது. இந்த அம்மாவுக்குத் தடிப்பு இருந்ததோ என்னவோ, தோட்டத்து வேலைக்குப் போடும் முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், முக்காடு எல்லாவற்றுக்கும் அடியில் யாரும் பார்க்கவில்லை. இன்னொன்று: பி.பி. இறங்கிக்கொண்டிருப்பவர் எழுந்து நிற்கக் கூடாது, நடக்கக் கூடாது. படுக்கவைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். எழுந்த நொடியில் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் வற்றி அங்கேயே உயிர் போனவர்கள் உண்டு. நாங்கள் கழிப்பறைக்கு வழி காட்டி அனுப்பினோம்.

சரி, கட்டிலுக்கு வந்த பிறகு? சீனியர் சிஸ்டர் அட்ரினலின் ஆம்பியூலை (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) உடைத்து, பத்து மில்லி சிரிஞ்சில் சலைனோடு கலந்து வைத்தார். ஆம்பியூலில் இருப்பது ஒரு மில்லி, அதாவது ஒரு மில்லிகிராம். அதைப் பத்து மில்லியாக்கி ரத்தக் குழாயில் செலுத்துவது இதயம் நின்றவருக்குச் செய்வது. ஒவ்வாமைக்கு வேண்டியது கலக்காத மருந்தில் அரை மில்லி, தொடையின் வெளிப்புறத் தசையில். அதற்கு நரம்பு தேட வேண்டாம், நரம்பில் செருகும் வென்ஃபிளான் குழாய் வேண்டாம். சேலைக்கு மேலாகவேகூடக் குத்தலாம்.

சிஸ்டர் மேல் தப்பில்லை. நான் அளவும் சொல்லவில்லை, எங்கே போடுவது என்றும் சொல்லவில்லை. அவர் இருபது வருட சர்வீஸில் அட்ரினலின் உடைத்ததெல்லாம் பெரும்பாலும் இதயம் நின்ற கேஸ்களுக்கு. பயிற்சி வகுப்பிலும் பொம்மையின் நெஞ்சை அமுக்கி "ஒரு மில்லிகிராம் ஐ.வி." (அதாவது ரத்தக் குழாயில்) என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லவைத்திருக்கிறோம். பதற்றத்தில் மனசு புதிதாக எதையும் யோசிப்பதில்லை. கை எதில் அதிகம் பழகியிருக்கிறதோ அந்தப் பாதையில் போய்விடும். பழைய வீட்டைக் காலி செய்து ஒரு மாதம் கழித்தும் அவசரத்தில் பழைய தெருவுக்கே வண்டி திரும்புவது போல.

பிறகு நரம்பு தேட ஆரம்பித்தோம். அதிர்ச்சியில் சுருங்கிய நரம்பு, போதாததற்குக் குளிர். நான் இடது கையில் ஒன்று குத்தினேன், வெடித்தது. சீனியர் சிஸ்டர் வலது கையில் ஒன்று, அதுவும் போயிற்று. நான் மறுபடி முழங்கை மடிப்பில். சிரிஞ்ச் தட்டில் தயாராகக் கிடந்தது. ஊசி ஏற்றுவதற்காக நரம்பு தேடினோம் என்பது மாறி, நரம்பைக் கண்டுபிடிப்பதே வேலை என்று ஆகிவிட்டது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த இரண்டு சதுர அங்குலத் தோலைத் தவிர எனக்கு அந்த அறையில் எதுவும் நினைவில்லை.

கூசாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று மட்டும் நரம்பு முதல் குத்திலேயே கிடைத்திருந்தால், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு ஒரு மில்லிகிராமும் ஒரே தள்ளில் போயிருக்கும். தாளம் கெட்டு இதயம் நின்றிருக்கலாம், மூளையில் ரத்தக் கசிவு வந்திருக்கலாம். எங்கள் தோல்விதான் அவரைக் காப்பாற்றியது.

காது

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள். எங்களுக்குக் கை நன்றாகவே ஓடியது. ஓடாதது காது.

அந்த அறையில் தொடை என்ற சொல் சொல்லப்பட்டது. இளம் சிஸ்டர்தான் சொன்னார். முந்தைய வேலையில் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசிக்குப் பின் இப்படி வந்து, தொடையில் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். "சார், தொடையில போடலாமா?" என்று கேட்டிருக்கிறார். கேள்வியாக, மெதுவாக. நான் திரும்பவில்லை. சீனியர் சிஸ்டர் "ஏம்மா, அந்த டேப்பை எடு" என்றாராம்.

கடைசியில் அந்தச் செவிட்டு நிலையை உடைத்தது அட்டெண்டர் அண்ணன். காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர், மருத்துவத்தில் ஒன்றும் தெரியாதவர், "சார், சிஸ்டர் என்னமோ சொல்றாங்க, கேளுங்க" என்று அதட்டலாகவே சொன்னார். தலையைத் தூக்கினேன். "தொடைல... சார்" என்றார் அந்தப் பெண். அந்த ஒரு விநாடியில் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போதோ படித்தது, தேர்வில் எழுதியது எல்லாமே மனசில் இருந்தது. கதவு மட்டும் சாத்தியிருந்தது.

கலந்து வைத்த பத்து மில்லியைத் தசையில் போட முடியாது. புது ஆம்பியூல் உடைக்க வேண்டும். இளம் சிஸ்டர் கை நடுங்கியதில் ஆம்பியூலின் கழுத்து நேராக உடையாமல் சில்லு விரலில் ஏறிவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட அரை மில்லி இழுத்துக் கொடுத்தார். போட்டேன்.

2005ல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண்ணுக்கு, மூக்கு சம்பந்தமான சாதாரண அறுவைக்காக மயக்கம் கொடுத்தபோது மூச்சுக்குழாய் கிடைக்கவில்லை. அனுபவசாலி டாக்டர்கள் மூவர் இருந்தும் குழாய் செருகும் முயற்சியிலேயே நேரம் போயிற்று. கழுத்தில் துளையிடும் கருவித் தட்டை ஒரு நர்ஸ் கொண்டுவந்து அருகிலேயே வைத்திருந்தார். அது பயன்படவில்லை. 13 நாள் கழித்து அவர் இறந்தார். கணவர் மார்ட்டின் விமானி. விமான விபத்து விசாரணையில் கேட்பது போல, யார் மேல் பழி என்று கேட்காமல் அறைக்குள் என்ன நடந்தது என்று கேட்டதால்தான் இது உலகுக்குத் தெரிந்தது. மருத்துவ வகுப்புகளில் இந்த வழக்கைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானே ஒருமுறை ஜூனியர்களுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டியிருக்கிறேன். அதனால் எனக்குக் காது கேட்டுவிடவில்லை.

இதில் மூளை வேலை செய்யும் விதம் ஒன்றும் ரகசியமில்லை. கொஞ்சம் பரபரப்பு நல்லது. தூக்கக் கலக்கத்தோடு கேஷுவாலிட்டிக்கு வருபவனைவிட விறுவிறுப்பானவன் மேல். 1908ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: எளிய வேலைக்கு அதிகத் தூண்டல் உதவும், கடினமான வேலைக்கு ஒரு அளவைத் தாண்டினால் கெடுக்கும். அந்த அளவைத் தாண்டும்போது திட்டமிடுவதற்கும் ஒப்பிடுவதற்கும் உரிய மூளையின் முன்பகுதி பின்வாங்கிவிடுகிறது. கவனம் குறுகி, ஒரே புள்ளியில் நிலைத்துவிடுகிறது. அந்த அம்மாவின் உடம்புக்குத் தேவைப்பட்ட அட்ரினலின் எங்கள் நால்வர் உடம்பிலும் வேண்டிய அளவுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது என்று பின்னால் சீனியர் சிஸ்டர் சொல்லிச் சிரித்தார்.

நேரமும் அப்படித்தான். கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தில் "3.50: அட்ரினலின்" என்று இருக்கிறது. பொய் எழுதவில்லை, அப்படித்தான் நம்பினேன். உறவுக்காரப் பையன் ஒருவன் கட்டில் அருகே நின்று படம் எடுத்தான். அன்று அவன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த வீடியோ வரவில்லை என்றால் இந்த ஆய்வே இல்லை. நாலாவது நிமிடத்தில் மருந்தகத்துத் தம்பி 108க்குப் போன் செய்வது தெரிகிறது. அவன் போனில் அந்த அழைப்பு 3.52. அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஊசி 3.57க்குக் கொஞ்சம் முன்னால். எனக்கு இரண்டு நிமிடமாக இருந்தது உண்மையில் எட்டரைக்கு மேல். "அட்ரினலின்" என்று நான் போட்ட முதல் சத்தத்தைத் தவிரப் பேச்சு ஒன்றும் வீடியோவில் கேட்கவில்லை. மரம் ஏறிய பையனின் அலறல்தான் முழுக்க.

கீழே அனுப்பிடலாமா?

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சபலம் இது. முதல் ஊசிக்குப் பின் நாடி லேசாக வந்தது. ஐந்து நிமிடத்தில் இரண்டாவது. பி.பி. 70. அதற்குள் 108 வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. என் வாயில் வந்த முதல் வார்த்தை, "ஏத்துங்க, கீழே அனுப்பிடலாம்."

கீழே என்றால் மேட்டுப்பாளையம், சுமார் 33 கிலோமீட்டர் மலைப்பாதை, அதற்கப்புறம் கோவை. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரியின் 700 படுக்கை மருத்துவமனை திறந்தது 2025 ஏப்ரலில்தான். அப்போது எங்களுக்கு "பெரிய ஆஸ்பத்திரி" என்றாலே இறக்கம். கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது உள்ளே நிற்பவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பி.பி. 70 உள்ளவருக்கு அங்கே மூன்றாவது ஊசி யார் போடுவது, டிரிப்பை யார் அமுக்குவது?

அனுப்பச் சொன்னது மருத்துவ முடிவு இல்லை. நோயாளி என் கண் முன்னால் இருப்பதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு மாதங்கள் ஆயின. நிறுத்தியவர் 108 வண்டியில் வந்த டெக்னீஷியன். "சார், 90 வரட்டும் சார். வழியில எனக்கு ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். வண்டி காத்திருந்தது. அதற்குள் கழுத்து நரம்பில் லைன் கிடைத்து, இரண்டு பாட்டில் சலைனைக் கையால் பிழிந்து ஏற்றினோம். மூன்றாவது ஊசிக்குப் பிறகு 94.

மூன்று ஊசி ஏன் தேவைப்பட்டது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அவர் அட்டினோலால் சாப்பிடுகிறவர். அந்த வகை பி.பி. மாத்திரை அட்ரினலினை முழுதாக வேலை செய்ய விடாது. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கூட வந்த பெண் "இவளுக்குப் பிரஷர் மாத்திரை உண்டு" என்று வாசலில் சொன்னாராம். யாரிடம் சொன்னார் என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

மாற்றியவை

பெரிதாக ஒன்றுமில்லை. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் அட்ரினலின் ஆம்பியூல் இரண்டு, ஒரு மில்லி சிரிஞ்ச், தசை ஊசி மட்டும் வைத்து, மூடியில் மார்க்கரில் எழுதினோம்: "அரை மில்லி. தொடை. நரம்பு அல்ல." பத்து மில்லி சிரிஞ்சை அந்த டப்பாவுக்குள் வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. தப்பான பாதையில் கை போகப் பார்த்தால் அங்கே ஒன்றும் கிடைக்கக் கூடாது.

ஒருவர் கட்டிலின் கால்மாட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று வைத்தோம். எதையும் தொடக் கூடாது, நிமிடத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறையில் இது ஆடம்பரம் என்று சீனியர் சிஸ்டர் சண்டை போட்டார். நியாயமான சண்டைதான், நாலு பேரில் ஒருவர் சும்மா நிற்பதைப் பார்த்தால் சொந்தக்காரர்களுக்கும் கோபம் வரும். இப்போது அந்த வேலையை அட்டெண்டர் அண்ணன் செய்கிறார். ஏனோ தெரியவில்லை, அவர் "மூணு நிமிஷம்" என்றால் எல்லோருக்கும் கேட்கிறது. பல பேர் ஒன்றாக வந்தால் சத்தம் போடாதவரை முதலில் போய்ப் பார்ப்பது என்றும் வைத்துக்கொண்டோம். அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வாசலிலேயே பிரிக்கிறார்கள். எங்களுக்கு வண்ணப் பட்டை கட்டும் அளவுக்கு ஆளில்லை.

சரியாக வராத ஒன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் "சார், நிறுத்துங்க" என்று சொல்லலாம், சொன்னால் நான் நிமிர்ந்து பார்த்தே ஆக வேண்டும் என்று விதி போட்டோம். முதல் மூன்று மாதம் ஒருவரும் சொல்லவில்லை. ஒத்திகையில்கூட "சார், ஒரு நிமிஷம்..." என்றுதான் வருகிறது. டாக்டரை நிறுத்தச் சொல்லிப் பழகாத வாய் அது. பேச்சுப் பயிற்சியால் போகிற கூச்சமில்லை என்று இப்போது நினைக்கிறேன். கோபம் இல்லாத சாதாரண நாட்களில் நான் எப்படிப் பதில் சொல்கிறேன் என்பதில்தான் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. அதில் எனக்கு இன்னும் முழு மார்க் கிடையாது.

வீடியோ வந்த வாரம் நால்வரும் உட்கார்ந்து, தொடை என்ற சொல் எத்தனை முறை சொல்லப்பட்டது என்று கேட்டுக்கொண்டோம். எனக்குக் கடைசியாகக் கேட்ட ஒன்று மட்டும்தான் தெரியும். சீனியர் சிஸ்டரும் ஒன்று என்றார். இளம் சிஸ்டர் கடைசியையும் சேர்த்து இரண்டு என்றார், அதுவும் தயங்கித் தயங்கி.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா மாத்திரை மாற்றிக் கொடுத்ததைக் காட்ட வந்தார். வேலைக்குத் திரும்பிவிட்டாராம், வேறு பாத்தியில். பி.பி. பார்த்துக்கொண்டிருந்தபோது, "கண்ணாடி குத்தின அந்தப் புள்ளைக்குக் கை ஆறிடுச்சா சார்?" என்று கேட்டார். அன்று உங்களுக்கு நினைவிருந்ததா என்று கேட்டேன்.

"கண்ணு தெறக்க முடியல. காது கேட்டுச்சு" என்றார். "தொடையில, தொடையில்னு அந்தப் புள்ள நாலு தடவை சொல்லுச்சு சார்."